கரிசல் வீங்குவதும் வெடிப்பதும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும்போது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் கால் வைத்து நடக்கக் கவனம் வேண்டும். பருத்தி மாரைப் பிடுங்கிய நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளுக்குள் கை மணிக்கட்டு வரை தாராளமாகப் போகும். நீளமான குச்சியை விட்டால் இரண்டு முழம் தாண்டியும் இறங்கும். மண் கட்டியைக் கையில் எடுத்தால் கல்லைப் போலக் கனக்கும். விரலால் நசுக்க முடியாது.

அதே காட்டை ஐப்பசி அடைமழையில் பாருங்கள். வெடிப்பு இருந்த சுவடே தெரியாது. நிலம் ஒரே சீராக மூடி, கறுத்து, வழுக்கிக் கிடக்கும். ஓர் எட்டு வைத்தால் செருப்போடு சேர்ந்து ஒரு சட்டி மண் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு பருவங்களுக்கு நடுவே அந்த நிலத்தின் மட்டமே சில சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. அதன் மேல் பயிர் நின்றால் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் நன்மை. வீடு நின்றால் அதுவே விரிசல்.

ஒரே மண் உழவனுக்கு வரமாகவும் வீடு கட்டியவருக்கு ஓயாத தொல்லையாகவும் இருப்பது எப்படி? அதற்கு விடை மண்ணுக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒரு தகட்டில் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது இந்த மண்

இந்தியாவின் கரிசலில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், வட கர்நாடகம், தெலங்கானா ஆகிய பகுதிகளில் பரவியிருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்புப் பாறை சிதைந்து உண்டானது அது. தமிழ்நாட்டுக் கரிசலின் பிறப்பு வேறு. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி, மதுரை, கோவை, திருப்பூர் வட்டாரங்களில் எரிமலைக் குழம்பு ஓடவில்லை. இங்கே உள்ள பழைய நைஸ் பாறைகளில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இரும்பும் கலந்திருந்தன. மழை குறைவு, வெயில் அதிகம், தாழ்வான சமவெளியில் வடிகால் மந்தம். பாறை சிதையும்போது வெளிப்பட்ட கால்சியமும் மக்னீசியமும் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கின. அந்தச் சூழலில்தான் வீங்கும் வகைக் களிமண் உருவாகிறது. கரிசலுக்கு அடியில் தோண்டினால் அகப்படும் சுக்காங்கல், அப்படித் தங்கிய சுண்ணாம்பின் சாட்சி.

கறுப்பு நிறத்தைப் பார்த்து இந்த மண்ணில் மக்கு நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழேதான். இருக்கிற கொஞ்சமும் களித்துகளோடு இறுகப் பிணைந்திருப்பதால் மண் முழுக்கக் கறுப்பாகத் தெரிகிறது.

ஒரு கிராம் மண்ணில் மூன்று கிரவுண்டு

களிமண் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகைக் கனிமங்கள் உண்டு. வீங்கும் களிமண்ணில் முதன்மையானது மாண்ட்மொரில்லோனைட். பிரான்சில் மாண்ட்மொரில்லோன் என்ற ஊரில் கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் பெற்றது.

இந்தக் கனிமம் ஒரு புத்தகத்தைப் போல ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஒவ்வோர் ஏட்டின் கனமும் ஏறத்தாழ 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏட்டின் இரு வெளிப்புறமும் சிலிகா, நடுவில் அலுமினா. நடு அடுக்கில் அலுமினியம் இருக்க வேண்டிய இடங்கள் சிலவற்றில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அலுமினியத்துக்கு மூன்று நேர்மின்னூட்டம், மக்னீசியத்துக்கு இரண்டுதான். இந்தக் குறையால் ஏடு முழுவதும் எதிர்மின்தன்மை பெறுகிறது. அதை ஈடுகட்ட கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் ஏடுகளின் இடுக்கில் வந்து தங்குகின்றன.

தண்ணீர் வரும்போது என்ன நடக்கிறது? தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே நேர்மின்னும் மறுபக்கம் சற்றே எதிர்மின்னும் கொண்டது. இடுக்கில் இருக்கும் அயனிகள் அதைத் தம்மைச் சுற்றி இழுத்துக்கொள்கின்றன. தண்ணீர் நுழைய ஏடுகள் விலகுகின்றன. முற்றிலும் காய்ந்த நிலையில் ஓர் ஏட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஏட்டின் தொடக்கம் வரை சுமார் 0.96 நானோமீட்டர். ஒரு வரிசைத் தண்ணீர் நுழைந்தால் அது சுமார் 1.25 ஆகிறது. இரண்டு வரிசையில் 1.5ஐத் தாண்டுகிறது. மூன்று வரிசையில் 1.9ஐ நெருங்குகிறது. அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. இடுக்கில் கால்சியம் இருந்தால் விலகல் பெரும்பாலும் இந்த அளவோடு நிற்கும். சோடியம் மிகுந்திருந்தால் ஏடுகள் மேலும் மேலும் விலகிக் கூழாகவே ஆகிவிடும். உவர் ஏறிய கரிசல் கூடுதலாகத் தொல்லை தருவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாக் களிமண்ணும் இப்படி இல்லை. பீங்கான் செய்ய உதவும் கயோலினைட்டின் ஏடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. தண்ணீர் அவற்றின் இடுக்கில் புக முடியாது. ஒரு கிராம் கயோலினைட்டின் மேற்பரப்பு 10 முதல் 20 சதுர மீட்டர். ஒரு கிராம் மாண்ட்மொரில்லோனைட்டின் உள்ளும் புறமும் சேர்ந்த மேற்பரப்பு 700 முதல் 800 சதுர மீட்டர். நம் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கும் மேல். சிட்டிகை மண்ணுக்குள் இவ்வளவு பரப்பு இருந்து, அவ்வளவும் தண்ணீரை இழுத்தால் மண் வீங்காமல் என்ன செய்யும்?

தண்ணீரும் மண்ணெண்ணெயும்

இந்த வீக்கத்தை அளக்க இந்திய தர நிர்ணயம் ஓர் எளிய சோதனையை வகுத்திருக்கிறது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். 100 மில்லிலிட்டர் கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். இரண்டிலும் மண்ணைப் போட்டுக் கண்ணாடிக் கம்பியால் மெல்லக் கிளறி, சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்கிறார்கள்.

மறுநாள் பார்த்தால் மண்ணெண்ணெய்க் குவளையில் மண் அடியில் அடக்கமாகப் படிந்திருக்கும். தண்ணீர்க் குவளையில் அதே 10 கிராம் மண் உப்பி மேலேறி நிற்கும். மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டர், தண்ணீரில் 22 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீக்கம் 120 சதவீதம். 50க்குக் கீழே இருந்தால் குறைவு. 100 வரை நடுத்தரம். 200 வரை அதிகம். அதற்கும் மேலே போனால் மிகக் கடுமை என்று வகைப்படுத்துகிறார்கள்.

மண்ணெண்ணெயும் திரவம்தான், மண் துகள்களின் சந்துகளில் அதுவும் புகத்தான் செய்கிறது. ஆனால் அதன் மூலக்கூறுக்கு மின் முனைகள் கிடையாது. அயனிகள் அதைப் பற்றி இழுப்பதில்லை. ஏடுகள் விலகுவதும் இல்லை. நனைவதால் மட்டும் களிமண் வீங்குவதில்லை, மின்கவர்ச்சியால் வீங்குகிறது என்பதை இரண்டு குவளைகள் கண்முன்னே காட்டிவிடுகின்றன.

வெயில் செய்யும் வேலை

வீங்குவதைத் தண்ணீர் தொடங்கி வைக்கிறது. சுருங்குவதை வெயில் நடத்துகிறது. கோடை மதியத்தில் கறுத்த வெற்று நிலத்தின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். மேல் மண்ணின் ஈரம் ஆவியாகும்போது, மிச்சத் தண்ணீர் துகள்களுக்கு நடுவே நுண்ணிய வளைபரப்புகளாக ஒடுங்கி, துகள்களை ஒன்றோடொன்று இழுக்கிறது. ஈரம் குறையக் குறைய இந்த இழுவிசை கூடுகிறது. பயிர் நிரந்தரமாக வாடிப்போகும் ஈரநிலையில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 15 மடங்கு. சித்திரைக் கரிசலின் மேல் மண் அந்த எல்லையையும் கடந்து காய்கிறது.

இழுபடும் மண் கீழ்நோக்கிச் சுருங்கத் தடையில்லை. நிலமட்டம் தாழ்ந்தால் போதும். பக்கவாட்டில் அப்படி முடியாது. இப்பக்கமும் அப்பக்கமும் அதே மண் எதிரே இழுத்துக்கொண்டிருக்கிறது. தாங்கும் அளவைத் தாண்டியதும் கிழிகிறது. நாம் பார்க்கும் வெடிப்பு இப்படிக் கிழிந்த இடம்தான். வெடிப்பு விழுந்த பிறகு அதன் இரு சுவர்களும் காற்றுக்குத் திறந்துவிடுகின்றன. அதுவரை மேற்பரப்பு மட்டும் காய்ந்தது. இனி ஒரு மீட்டர் ஆழம் வரை உள்ளிருந்தும் காய்கிறது.

பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மண்ணில் அரை மீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். கோடையும் மழைக்காலமும் கொண்டுவரும் வெப்ப மாற்றம் பல மீட்டர் இறங்கும், ஆனால் மெதுவாக. மேலே கத்திரி வெயில் கடந்து மாதங்கள் ஆன பின்தான் ஆழத்தில் வெப்பம் உச்சம் தொடும். இந்த வெப்ப வேறுபாட்டோடு ஈரமும் நடக்கிறது. மண்ணின் சந்துகளில் நீராவி எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடம் நோக்கிப் போய் அங்கே தண்ணீராகப் படிகிறது. கட்டடத்தின் தளத்துக்கு அடியில் வெயில் படாது. சுற்றியுள்ள திறந்த நிலத்தைவிடக் கோடையில் அங்கே குளிர்ச்சி. ஆவியாகி வெளியேற வழியும் இல்லை. எந்தக் குழாயும் கசியாத வீட்டிலும் நடுத்தளம் சில ஆண்டுகளில் மெல்ல உப்பி எழுவது இதனால்தான்.

தண்ணீரின் ஓட்டத்தையும் வெப்பம் மாற்றுகிறது. 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை மூன்றில் ஒரு பங்கு குறைவு; அதே மண்ணில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாக ஊடுருவும். இதோடு வெடிப்பையும் சேர்த்துப் பாருங்கள். நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் பெருமழை சுடுநிலத்தில் விழுந்து, திறந்த வெடிப்புகளின் வழியே நேராக அடிமண்ணுக்கு இறங்குகிறது. மண் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் நனைந்து வீங்குகிறது. வெடிப்புகள் மூடிய பிறகு அதே நிலத்தில் தண்ணீர் இறங்கவே மறுத்துத் தேங்கி நிற்கும். ஆகவே ஒரு மழையின் விளைவை அதன் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அதற்கு முன்னால் நிலம் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

கடுங்குளிர் நாடுகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கனடாவின் ரெஜைனா நகரம் வீங்கும் களிமண் மேல் அமைந்தது. அங்கே கோடையில் காயும் மண், குளிர்காலத்தில் உறையவும் செய்கிறது. உறையும்போது கீழிருந்து தண்ணீரை இழுத்துப் பனிக்கட்டிப் படலங்களாகச் சேர்க்கும். உருகும்போது தொளதொளத்துப் போகும்.

ஒரு மழை பார்த்தால் போதுமா

நம் ஊரில் பேஸ்மட்டம் போட்டு மண் நிரப்பிவிட்டு, "ஒரு மழை பார்க்கட்டும், மண் செட்டாகிவிடும்" என்று வேலையை நிறுத்தி வைப்பது பழக்கம். கொட்டி நிரப்பிய மண்ணுக்கு இது நல்ல யோசனை. தளர்வாகக் கிடக்கும் மண் நனைந்து ஒரு முறை இறுகிவிட்டால் மறுபடி அவ்வளவு இறங்காது. கரிசலுக்கு இந்த நியாயம் செல்லாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இறுக்கிய கரிசலைச் சிறு வளையங்களில் வைத்து, நனைத்தும் உலர்த்தியும் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். முதல் சில சுற்றுகளில் வீக்கமும் சுருக்கமும் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவில் இருந்தன. ஏறத்தாழ நான்கு சுற்றுகளுக்குப் பிறகு ஒரு நிலைக்கு வந்தன. அந்த நிலை ஓய்வு நிலை அல்ல. எவ்வளவு வீங்குகிறதோ அவ்வளவு சுருங்கி, மறுபடியும் அவ்வளவே வீங்கும் நிலை. மண் தன் பழைய இறுக்கத்தை மறந்து, பருவத்தின் தாளத்துக்குப் பழகிவிடுகிறது. கரிசல் மேல் நிற்கும் கட்டடம் ஆண்டுதோறும், தன் ஆயுள் முழுவதும், இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கியாக வேண்டும்.

பயிருக்கு வரம்

இவ்வளவு சொன்ன பிறகு கரிசலைப் பொல்லாத மண் என்று நினைத்துவிட வேண்டாம். ஆழமான கரிசலில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரமாக ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழைநீர் தங்கும். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரை வைத்துக்கொண்டு தையிலும் மாசியிலும் பருத்தியும் உளுந்தும் கொத்தமல்லியும் மானாவாரியாக விளைவது இந்தச் சேமிப்பால்தான். மேல் மண் காய்ந்து பொலபொலவென உதிர்ந்து வெடிப்புக்குள் விழ, மழையில் அது அடிமண்ணோடு கலக்க, நிலம் தன்னைத் தானே ஓரளவு உழுதுகொள்கிறது.

இந்த இயல்பை அறிந்து அதற்கேற்ப வேலையை வகுத்தவர்கள் கரிசல் விவசாயிகள். மழை விழுந்த பிறகு காட்டில் கால் வைக்க முடியாது என்பதால், மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். கோடை உழவால் வெடிப்பின் வாயை மூடி, அடி ஈரம் ஆவியாகாமல் காக்கிறார்கள். பயிர் நிற்கும்போது விழும் வெடிப்பு வேர்களை அறுத்துவிடும் என்பதால் இடை உழவு ஓட்டி மேல் மண்ணைப் பொடியாக வைக்கிறார்கள். வெப்பம், ஈரம், சுருக்கம் மூன்றும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதை அந்தக் காட்டிலேயே கற்றறிந்து, வேலையாகவே மாற்றிவைத்த அறிவு இது.

சுவரில் எழுதும் கணக்கு

கரிசல் வீங்கும்போது அதைத் தடுக்க முயன்றால் சதுர மீட்டருக்கு 10 டன் முதல் 30 டன் வரை, சில நேரம் அதற்கும் மேலே, அழுத்துகிறது. மாடியில்லாத வீட்டின் அடித்தளம் மண் மீது வைக்கும் பாரம் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 5 டன், 10 டன் அளவுதான். காம்பவுண்டு சுவர் அதிலும் குறைவு. எனவே மண் அவற்றைத் தூக்கிவிடுகிறது. மாடி வீட்டைவிடச் சிறு வீடும் சுற்றுச்சுவரும் சாலையும் கால்வாய்க் கரையும் அதிகம் சேதமாவது இதனால்தான்.

வீடு முழுவதும் ஒரே அளவில் ஏறி ஒரே அளவில் இறங்கினால் ஒரு விரிசலும் விழாது. ஓர் இடம் ஏறி இன்னோர் இடம் ஏறாமல் நிற்பதுதான் சுவரைக் கிழிக்கிறது. கோடையில் வெளி ஓரம் காய்ந்து தாழ, நடுப்பகுதி ஈரத்தோடு உயர்ந்து நின்றால் சுவரின் மேல்பக்கம் அகன்ற விரிசல் விழும். மழையில் ஓரம் வீங்கி எழ, நடுப்பகுதி காய்ந்து கிடந்தால் விரிசல் கீழ்ப்பக்கம் அகலும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கோடு, மழைக்காலத்தில் மட்டும் நிலையில் இடிக்கும் கதவு, பூசி அடைத்தும் அடுத்த ஆண்டு அதே இடத்தில் திறக்கும் விரிசல் எல்லாம் மண்ணின் சேதிகள். பூச்சு வேலையால் அவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தச் சேதம் பெரிது. ஆனால் புயலைப் போலவோ வெள்ளத்தைப் போலவோ செய்தியாவதில்லை. அமெரிக்காவில் வீங்கும் மண்ணால் ஆண்டுக்கு 230 கோடி டாலர் இழப்பு என்று ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 1973இல் கணக்கிட்டார்கள். வெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து அங்கே ஓர் ஆண்டில் சராசரியாகச் செய்யும் சேதத்தைவிட அது அதிகம்.

மண்ணோடு ஒத்துப்போகும் கட்டடம்

பருவ ஈரம் ஏறி இறங்கும் ஆழம் நம் நாட்டுக் கரிசலில் ஏறத்தாழ 3.5 மீட்டர். அதற்குக் கீழே மண் அசைவதில்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், தினேஷ் மோகன் முன்னின்று நடத்திய ஆய்வுகளின் வழியே, 1950களில் இதற்கு ஒரு வழி கண்டது. அந்த ஆழம் வரை குழாய் போலத் துளையிட்டு, அடிப்பகுதியை மட்டும் தண்டைப் போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து, கம்பி கட்டிக் கான்கிரீட் நிரப்பும் பைல் அது. மேல் மண் வீங்கித் தூக்க முயன்றாலும் அடியிலுள்ள குமிழ் பிடித்து நிறுத்தும். பைல்களின் தலையை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மண் எழுந்து அந்த இடைவெளியை நிரப்பட்டும். பீமைத் தொடாமல் இருந்தால் போதும். அந்த இடைவெளியில் மண்ணை அடைத்து மூடினால் செய்த செலவெல்லாம் வீண்.

மும்பை ஐஐடியில் ஆர்.கே. கட்டி இன்னொரு வழியைக் காட்டினார். வீங்காத, ஆனால் பிணைப்புள்ள மண்ணை ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்குக் கரிசல் மேல் பரப்பி இறுக்கினால் கீழே உள்ள வீக்கம் வெகுவாக அடங்கிவிடுகிறது. கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாயில் இது கையாளப்பட்டது. மணல் நிரப்பினால் போதும் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணல் வீங்காதுதான். ஆனால் அது தண்ணீரைத் தாராளமாக உள்ளே விட்டு, கரிசலின் மேல் தேக்கி வைத்துவிடும்.

சாலைக்குச் சுண்ணாம்பு கைகொடுக்கிறது. மண்ணில் சில சதவீதம் சுண்ணாம்பு கலந்தால் ஏடுகளின் இடுக்கில் உள்ள சோடியத்தைக் கால்சியம் வெளியேற்றி வீக்கத்தைக் குறைக்கிறது. பிறகு காரத்தன்மையால் கரையும் சிலிகாவும் அலுமினாவும் கால்சியத்தோடு சேர்ந்து சிமெண்ட் போல இறுகுகின்றன.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்கும் செய்யக்கூடியது உண்டு. வீட்டைச் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் இறங்காத தளம் போட்டு வெளிப்பக்கம் சாய்வு கொடுங்கள். மழைநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் சுவரோரம் கசியாமல் பாருங்கள். உறிஞ்சு குழியைத் தள்ளி வையுங்கள். சுவரை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேம்போ புங்கையோ வளர்ந்தால் எவ்வளவு உயரம் போகுமோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி நடுங்கள். அதன் வேர் கோடையில் அடித்தளத்து ஈரத்தை உறிஞ்சும். இவை எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே. வீட்டுக்கு அடியிலும் சுற்றிலும் ஈரம் ஆண்டு முழுவதும் கூடியமட்டும் சமமாக இருக்க வேண்டும்.

கரிசல் பூமியில் மனை வாங்கியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் போடுவதற்கு முன்பே, நான்கு மீட்டர் ஆழம் வரை மண் எடுத்துச் சோதியுங்கள். வீக்கம் எவ்வளவு, அசையாத மண் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்ற இரண்டு விடைகளையும் கையில் வைத்துக்கொண்டு பொறியாளரிடம் போங்கள். வானம் தோண்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். கட்டி முடித்த பின் விரிசலுக்கு ஆண்டுதோறும் செய்யும் செலவோடு பார்த்தால், மண் பரிசோதனைக்கு ஆகும் பணம் மிகச் சிறியது.